சீட்டு விழுந்த பின்னர்



கொட்டாஞ்சேனையின் ஒழுங்கைகளிலும் வெள்ளவத்தையின் தொடர்மாடி வீடுகளிலும் வாழும் நமக்குச் சீட்டு என்றால் என்னவென்று எவரும் விளக்கத் தேவையில்லை. ஆயினும் அதன் கணக்கை ஒரு தடவை நினைவுபடுத்திக்கொள்வோம். 20 பேர் சேர்கின்றனர். ஆளுக்கு மாதம் 10,000 ரூபா. ஒவ்வொரு மாதமும் 200,000 ரூபா ஒருவர் கைக்குச் செல்கிறது. குலுக்கலில் முதல் மாதமே பெயர் விழுந்தவர், தாம் 10,000 ரூபா மாத்திரமே கட்டிய நிலையில் இரண்டு இலட்சத்தைப் பெற்றுக்கொள்கிறார். எஞ்சிய 19 மாதங்களும் அவர் தவறாமல் கட்டிவர வேண்டும். இதற்கு உறுதிப்பத்திரம் கிடையாது, சட்டத்தரணி கிடையாது. சீட்டுத் தாச்சியிடம் இருப்பது ஒரு கொப்பி. அதிலே 20 பெயர்கள். அவ்வளவுதான்.

சீட்டு விழும் நாள்வரை அந்த 20 பேரும் ஒரே மாதிரியாகத்தான் தோன்றுகின்றனர். ஞாயிறு திருப்பலியில் ஒரே வாங்கில் அமர்கின்றனர். ஒரே நவநாளுக்கு மெழுகுதிரி ஏற்றுகின்றனர். அவர்களுள் ஒருவர் எத்தகையவர் என்பது பணம் அவர் கைக்கு வந்த பின்னர்தான் வெளிப்படுகிறது. மூன்றாம் மாதம் சிறிது தாமதம். நான்காம் மாதம் பாதிப் பணம். ஐந்தாம் மாதம் தாச்சி வந்து கதவைத் தட்டும்போது, உள்ளேயிருந்து ஒரு சிறு பிள்ளை வந்து, “அம்மா வீட்டில் இல்லை” என்று சொல்லிவிட்டுப் போகிறது. அம்மா குசினியில்தான் இருக்கிறார். அந்தத் தாய் பிறவியிலேயே ஏமாற்றுக்காரி அல்லர் என்பதே இதில் வேதனைக்குரியது. சீட்டு விழாதிருந்திருந்தால் அவர் இறுதிவரை நேர்மையானவராகவே வாழ்ந்திருக்கவும் கூடும். வந்த பணத்தைத் தாங்கும் வலிமை அவரிடம் இருக்கவில்லை. அது இல்லையென்பது பணம் வரும்வரை அவருக்கே தெரிந்திருக்கவுமில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்திற்குச் செல்பவர்கள் அங்கு நிகழ்வதை அறிவர். கத்தோலிக்கர் மாத்திரமன்றி இந்துக்களும் பௌத்தர்களும் வருகின்றனர். 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி, உயிர்ப்புப் பெருவிழாவின் காலையில் அவ்வாலயத்தில் குருதி சிந்தப்பட்ட பின்னரும், அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அது மீண்டும் திறக்கப்பட்டதும் மக்கள் வரவே செய்தனர். மகனுக்கு வீசா கிடைக்க வேண்டும், மகளுக்கு நல்ல இடத்தில் திருமணம் அமைய வேண்டும், வழக்கு முடிய வேண்டும், வீடு வாங்க வேண்டும், நோய் மாற வேண்டும். இவற்றுள் எதனையும் கேட்கக் கூடாதென்று எந்தக் குருவானவரும் சொன்னதில்லை. பிள்ளை தகப்பனிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்கும்?

ஆனால், கேட்டது கிடைத்த மறுநாள் நாம் என்ன ஆவோம் என்று அங்கு முழந்தாளிடும்போது எண்ணிப் பார்ப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

பாத்திரம் அறிந்து பிச்சையிட வேண்டும் என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த புத்திமதி. கொடுப்பவருக்குச் சொல்லப்பட்ட புத்திமதி அது. விந்தை என்னவெனில், விண்ணகத் தந்தை அதன்படி நடப்பதாகத் தெரியவில்லை. நல்லவர் வயலுக்கும் தீயவர் வயலுக்கும் அவர் ஒரே மழையைத்தான் அனுப்புகிறார் என்று மலைப்பொழிவிலே நம் ஆண்டவர் கற்பித்தார். அவர் பாத்திரம் பார்த்துக் கொடுப்பதில்லை. ஆகவே பாத்திரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய பொறுப்பு பெறுகின்ற நம்மீதே விழுகிறது. வெடிப்பு விழுந்த குடத்தில் எவ்வளவு ஊற்றினாலும் ஒழுகிப்போகும் என்பது மட்டுமல்ல, நிரம்பும்போது அக்குடம் பிளந்தும் போகலாம்.

மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் வரும் அந்தப் பணியாளனை நாம் அனைவரும் அறிவோம். அரசருக்கு அவன் பட்டிருந்த கடன் பத்தாயிரம் தாலந்து. ஒரு தாலந்து ஏறக்குறைய ஆறாயிரம் தெனாரியம். ஒரு தெனாரியம் அக்காலத்தில் கூலியாளின் ஒருநாள் சம்பளம். ஆக, ஆறு கோடி நாட்கள் உழைத்தால்தான் தீர்க்கக்கூடிய கடன் அது. அரசர் மனமிரங்கி அனைத்தையும் தள்ளுபடி செய்கிறார். வெளியே வருகிறான். தனக்கு நூறு தெனாரியம் தரவேண்டிய உடன்பணியாளனைக் காண்கிறான். கழுத்தைப் பிடித்து நெரிக்கிறான்.

இவ்வுவமையை மன்னிப்பைப் பற்றியதாக மாத்திரம் நாம் கேட்டுப் பழகிவிட்டோம். மறையுரைகளும் பெரும்பாலும் அவ்வாறே அமைகின்றன. அது சரியே. ஆயினும் இன்னொரு விதமாகவும் இதனைப் பார்க்கலாம். இவன் ஆசீர்வாதம் பெறாதவன் அல்லன். அந்நாட்டில் அவனளவுக்கு ஆசீர்வாதம் பெற்றவர் வேறெவரும் இருந்திருக்க மாட்டார். அரண்மனைக்குள் நுழைந்தபோது இருந்த மனிதனே அரண்மனையை விட்டு வெளியே வந்த மனிதனும். பெற்றது அவனுடைய கணக்கை மாற்றியது, அவனை மாற்றவில்லை. கடனாளியாக இருந்தபோது அவனுக்குள் ஒளிந்திருந்த கொடுமைக்கு, கடன் நீங்கியதும் கைகால் முளைத்தது. அருள் தன்னாலே மனிதனை நல்லவனாக்கிவிடும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அவ்வருளோடு ஒத்துழைக்க ஒருவர் தம்மைப் பழக்கப்படுத்தியிராவிட்டால் எவ்வளவு பெரிய அருளும் வாயிற்படியோடு நின்றுவிடக்கூடும் என்பதற்கு இந்தப் பணியாளனே சாட்சி.

கடன் என்றதும் கொச்சிக்கடைத் திருத்தலத்தின் பாதுகாவலரைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். கோடி அற்புதர் என நாம் போற்றும் அந்தோனியார் 1195ஆம் ஆண்டு லிஸ்பனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். அவ்வசதியை விட்டுத் துறவியானவர். தமது வாழ்வின் இறுதி ஆண்டாகிய 1231இல், இத்தாலியின் பதுவா நகரில் தவக்காலம் முழுவதும் மறையுரை ஆற்றினார். அந்நகரில் வட்டிக்குக் கொடுப்போரின் கை ஓங்கியிருந்த காலம் அது. வாங்கிய கடனைக் கட்ட முடியாதவர்கள் சிறையில் அடைக்கப்பட்டனர். பிணை நின்றவர்களுக்கும் அதே கதி. அந்தோனியாரின் வேண்டுகோளின் பேரில் நகர ஆட்சியினர் அவ்வாண்டு மார்ச் மாதத்தில் ஒரு சட்டம் இயற்றினர். தம்மிடமுள்ள சொத்தை ஒப்படைத்துவிட்ட கடனாளியையோ, அவருக்காகப் பிணை நின்றவரையோ இனிச் சிறையிலிட முடியாது என்பதே அதன் சாரம். யாருடைய வேண்டுகோளினால் அது இயற்றப்பட்டது என்பதும் அச்சட்டத்திலேயே பதிவாகியுள்ளது. மூன்று மாதங்களின் பின்னர், ஜூன் 13ஆந் திகதி அவர் இறைபதம் எய்தினார்.

காணாமற்போன பொருளைத் தேடித்தருபவர் என்றே அவரை நாம் பெரும்பாலும் நாடுகிறோம். கொடுத்த கடனைத் திருப்பிப் பெற்றுத்தருமாறு அவரிடம் நவநாள் செய்பவர்களும் நம்மிடையே இருக்கின்றனர். கடனாளிக்காக நகரசபையின் முன் வாதாடிய ஒருவரிடம், கடனாளியின் கழுத்தைப் பிடிக்க உதவுமாறு கேட்கிறோம் என்பது நமக்குத் தோன்றுவதேயில்லை. அப்புனிதர் பொறுமைசாலி என்பதில் ஐயமில்லை.

இவையெல்லாம் பழங்கதைகள் என்று ஒதுக்கிவிட முடியாதபடி நம் கண்முன்னே ஒன்று நடந்தது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபா கிடைத்தது. மே மாதத்தில் அது 360 ரூபாவைத் தொட்டது. இலண்டனிலிருந்து மகன் அனுப்பும் நூறு பவுண், ஆண்டின் தொடக்கத்தில் 27,000 ரூபா அளவில் இருந்தது. சில மாதங்களில் 44,000 ரூபாவரை உயர்ந்தது. மகன் ஒரு மணித்தியாலமேனும் அதிகமாக உழைக்கவில்லை. தாய் எதுவும் செய்யவில்லை. நாடு விழுந்தது, அதனால் சில வீடுகள் எழுந்தன. அவ்வாண்டு செப்டெம்பர் மாதத்தில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தையும், உணவுப் பணவீக்கம் 95 வீதத்தையும் அண்மித்தது. வெளிநாட்டில் எவரும் இல்லாத குடும்பங்கள் எரிவாயு வரிசையில் வெற்றுச் சிலிண்டரோடு இரவைக் கழித்தன. பாணின் விலையைக் கேட்டுவிட்டு அரை இறாத்தலோடு திரும்பின. இரு வகைக் குடும்பங்களும் ஒரே பங்கில், சில இடங்களில் ஒரே கட்டடத்தில், மேல்மாடியிலும் கீழ்மாடியிலுமாக வாழ்ந்தன.

அந்நாட்களில் தம் வீட்டுச் சமையலில் ஒரு பங்கைக் கீழ்வீட்டுக்கு அனுப்பியவர்கள் உண்டு. கொழும்பின் பல இடங்களில் சமூகச் சமையலறைகள் இயங்கின. அரிசி மூட்டையைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் பெயர் சொல்லாமல் போனவர்களும் உண்டு. இன்னொரு பக்கத்தில், நாணயமாற்று வீதம் இன்னும் ஏறும் என்று காத்திருந்தவர்களும் உண்டு. அடுத்தவர் இடர்ப்பட்டு விற்ற நகையை வாங்கி அடுக்கியவர்களும் உண்டு. வாடகைக்கிருந்த ஏழைக் குடும்பத்திடம் இரண்டு ஆண்டு முற்பணத்தைக் கூட்டிக் கேட்டவர்களும் உண்டு. இதனை எழுதுபவனும் தூய்மையானவன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய சிறு தொகையை வங்கியில் மாற்றுவதற்கு முன், காலையில் செபப் புத்தகத்தைத் திறக்கும் முன்பாகவே அன்றைய வீதத்தைப் பார்த்த நாட்கள் பல. ஒருநாள் வீதம் இறங்கியபோது மனத்தில் எழுந்தது கவலை. ரூபா வலுப்பெற்றால் அயலவருக்கு மாவின் விலை குறையுமே என்ற எண்ணம் வெகுநேரம் கழித்துத்தான் வந்தது. அவ்வாறு வெகுநேரம் கழித்து வந்தது என்பதைத்தான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியிருந்தது.

அவ்வாண்டு ஏப்ரல் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடன்களை இனித் திருப்பிச் செலுத்த இயலாதென்று நம் நாடு அறிவித்தது. நாம் அனைவருமே கடனாளிகளானோம். கடன் கொடுத்தவர்கள் பொறுமை காட்ட வேண்டும், ஒரு பகுதியை விட்டுத்தர வேண்டும் என்று நாடே வேண்டி நின்றது, ஆலயங்களிலும் மன்றாடப்பட்டது. பேச்சுவார்த்தை நீண்டது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கடன் கொடுத்த நாடுகளோடும், அவ்வாண்டின் இறுதியில் பிணைமுறி வைத்திருந்தோரோடும் உடன்பாடுகள் எட்டப்பட்டுத் தவணைகள் நீட்டப்பட்டன. அதாவது, நமக்கும் அரண்மனையில் ஓரளவு இரக்கம் கிடைத்தது. படியிறங்கி வெளியே வந்த நாம், நமக்கு நூறு தெனாரியம் தரவேண்டியவர்களைச் சந்தித்தபோது என்ன செய்தோம்? கடைக்காரர் தம் கடன் கொப்பியையும், வீட்டுக்காரர் தம் வாடகைக் கணக்கையும் எடுத்துப் பார்த்தால் விடை தெரியும்.

வெள்ளவத்தையில் காலி வீதி வழியே செல்லும்போது புனித லோரன்சியார் ஆலயத்தைக் கடந்து செல்கிறோம். பொருட்செல்வத்தைப் பற்றிச் சிந்திக்க இதைவிடப் பொருத்தமான பாதுகாவலர் அப்பகுதிக்கு அமைந்திருக்க முடியாது. உரோமைத் திருச்சபையின் திருத்தொண்டராக, அதன் உடைமைகளுக்குப் பொறுப்பாக இருந்தவர் அவர். 258ஆம் ஆண்டு, வலேரியன் பேரரசனின் காலத்தில், திருச்சபையின் செல்வத்தை ஒப்படைக்குமாறு அதிகாரி கட்டளையிட்டபோது அவர் அவகாசம் கேட்டார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்த அவகாசத்தில் இருந்தவற்றையெல்லாம் ஏழைகளுக்குப் பகிர்ந்தளித்தார். பின்னர் பார்வையற்றோரையும் கால் ஊனமுற்றோரையும் கைவிடப்பட்டோரையும் கூட்டிவந்து, இவர்களே திருச்சபையின் செல்வம் என்று காட்டினார். விளைவை அறிவோம். ஆகஸ்ட் 10ஆந் திகதி அவருடைய திருவிழா.

அவர் அந்த அவகாசத்திலே திடீரென்று வள்ளலாகிவிடவில்லை. கணக்குப் புத்தகம் கையில் இருந்த ஆண்டுகளில், ஒவ்வொரு நாளும் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டுமென்று பார்த்துக் கொடுத்துப் பழகியவர். எந்த ஏழை எந்தத் தெருவில் இருக்கிறார் என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்க வேண்டும். அல்லாவிடில் அத்தனை பேரை அத்தனை விரைவில் எங்கே தேடுவது? கொட்டாஞ்சேனைப் பேராலயத்தின் பாதுகாவலியான புனித லூசியாளும், தன் தாயின் நோய் நீங்கிய நன்றிக்கடனாகத் தன் சீதனத்தையே ஏழைகளுக்குக் கொடுக்கச் செய்தார் என்று மரபு கூறுகிறது. சீதனப் பேச்சில் நம் குடும்பங்கள் முறிந்துபோகும் இக்காலத்தில், அவ்வாலயத்திலேயே மணவறை ஏறும் நம் பிள்ளைகளுக்கு இக்கதையை யாரேனும் சொல்கிறார்களா தெரியவில்லை.

பொருளைப் பற்றிப் பேசியது போதும். ஆன்மீகக் கொடைகளின் ஆபத்து இதனினும் நுட்பமானது. பணம் வந்தவன் மாறிவிட்டான் என்று ஊர் கண்டுகொள்ளும். செபம் கேட்கப்பட்டவன் மாறிவிட்டதை ஊர் எளிதில் கண்டுகொள்வதில்லை, அவனும் கண்டுகொள்வதில்லை. ஒரு செபக்குழுவில் ஒருவர் நோயாளியின் தலைமேல் கைவைத்து மன்றாடுகிறார், நோயாளி தேறுகிறார். அடுத்த வாரம் அவருக்கு முன்வரிசையில் நாற்காலி. அதற்கடுத்த மாதம் பங்குத்தந்தையைவிடத் தமக்குத்தான் ஆண்டவரின் சித்தம் தெளிவாகத் தெரியும் என்ற பேச்சு. பிறகு குழு இரண்டாகப் பிரிகிறது. உரியாவோ நாகமானோ என்று பெயர் மயங்கினாலும், சிரியப் படைத்தலைவனின் தொழுநோயை எலிசா இறைவாக்கினர் குணமாக்கிய கதையை நாம் மறந்திருக்க மாட்டோம். அவன் பெயர் நாமான். அவன் கொடுத்த அன்பளிப்பை எலிசா தொடவில்லை. பணியாளன் கேகசியோ பின்னாலே ஓடிச்சென்று, பொய் சொல்லி இரண்டு தாலந்து வெள்ளியையும் இரண்டு பட்டாடைகளையும் வாங்கி வந்தான். வெள்ளியோடு நாமானின் தொழுநோயும் அவனிடம் வந்துசேர்ந்தது. இறைவாக்கினரின் வீட்டிலேயே வாழ்ந்து, அற்புதங்களை அருகிலிருந்து கண்டவன் அவன்.

இதற்கு மறுபக்கத்தைக் காண நாம் தூரப் போக வேண்டியதில்லை. 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆந் திகதி காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக உயர்த்திய யோசப் வாஸ் அடிகளாரை எண்ணிப் பாருங்கள். அன்று அங்கு கூடிய பெருந்திரளில் நம்மில் பலரும் நின்றோம். 1651இல் கோவாவில் பிறந்த அவர், ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் கூலித் தொழிலாளி வேடத்தில் இலங்கைக்கு வந்தார். தமிழைக் கற்று யாழ்ப்பாணத்து மக்களிடையே மறைவாகப் பணியாற்றினார். 1692இல் கண்டியை அடைந்தபோது போர்த்துக்கேய ஒற்றர் என்று சிறைவைக்கப்பட்டார்.

பின்னர் கண்டியில் மழை பொய்த்தது. வேறு வழியின்றி மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் அடிகளாரின் மன்றாட்டை நாடினான். பீடம் அமைத்துச் சிலுவையின் முன் அவர் செபித்தார், மழை பொழிந்தது என்று அவரது வரலாறு கூறுகிறது. நேற்றுவரை கைதியாக இருந்தவர் இன்று மன்னனின் நன்மதிப்பைப் பெற்றவர். நாட்டில் எங்கும் போதிக்கும் சுதந்திரம் அவருக்குக் கிடைத்தது. மழையை வருவித்த துறவி! இப்பெயரை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்னவெல்லாம் செய்திருக்கலாம் என்பதைச் சற்றுக் கற்பனை செய்து பார்ப்போம்.

1697இல் கண்டியைப் பெரியம்மை தாக்கியது. மன்னனும் வசதி படைத்தோரும் நகரை விட்டகன்றனர். நோயுற்றோர் சொந்த வீட்டாராலேயே காடுகளில் கைவிடப்பட்டனர். மழையை வருவித்த துறவி அவர்களைத் தேடிச் சென்றார். குடிசைகள் அமைத்து, புண்களைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார். கத்தோலிக்கரா பௌத்தரா என்று அவர் பார்க்கவில்லை. மன்றாட்டால் மழையைப் பெற்றவர், மன்றாட்டோடு நின்றுவிட்டுக் கைகளைத் தூய்மையாக வைத்திருந்திருக்கலாம். நோய் நீங்கும்படி அரண்மனை வாசலில் இன்னொரு பீடம் அமைத்திருக்கலாம். அவர் சட்டியும் துணியும் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனார். பிற்காலத்தில் உரோமையின் தூதுவர் ஆயருக்கு நிகரான பொறுப்பை அவருக்கு அளிக்க எண்ணியபோதும் அவர் அதனை ஏற்கவில்லை. 1711ஆம் ஆண்டு ஜனவரி 16ஆந் திகதி கண்டியிலே மரித்தார்.

மன்னனின் தயவை அவர் தாங்கிக்கொண்டது எவ்வாறு? அது கண்டியில் வந்த பலம் அன்று. வேடமிட்டுப் பசியோடு வீடு வீடாகச் சென்ற ஆண்டுகளிலும், சிறையிலிருந்த மாதங்களிலும் அவர் பழகிக்கொண்டது அது. ஒரு கவளம் சோற்றை நன்றியோடு பெற்றுப் பழகிய கையே, பின்னர் அரச தயவையும் பதற்றமின்றிப் பெற்றது.

நம் பிள்ளைகளின் காரியமும் இவ்வாறுதான். உயர்தரப் பரீட்சையில் சித்தி, பல்கலைக்கழக அனுமதி, கனடாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ வீசா என்று பெரிய கொடைகளுக்காக இரவுபகலாக மன்றாடுகிறோம். ஆனால் கடையில் மிச்சக்காசு 50 ரூபா கூடுதலாகக் கிடைத்துவிட்டதென்று பிள்ளை வந்து சொல்லும்போது, “பரவாயில்லை, வை” என்கிறோம். தாச்சி கதவைத் தட்டும்போது பொய் சொல்ல அனுப்புகிறோம். தம்பிக்குப் பங்கிட்டுக் கொடுக்கும்போது பெரிய துண்டை எடுத்துக்கொள்வதைக் கெட்டித்தனம் என்று சிரிக்கிறோம். அந்த 50 ரூபாவில் பழகாத கை ஐந்து இலட்சத்தில் பழகிக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? வீசா கிடைத்துச் சென்ற மகன் மூன்றாம் ஆண்டில் தொலைபேசி எடுப்பதை நிறுத்திவிட்டான் என்று கண்ணீரோடு வரும் பெற்றோரைப் பங்குகளில் காண்கிறோம். அவர்களைக் குற்றஞ்சாட்டும் உரிமை எவருக்கும் இல்லை. அவர்கள் அவனுக்காகச் செய்த நவநாட்களை ஆண்டவர் அறிவார். ஆனாலும், அவன் புறப்படுவதற்காகச் செய்த செபத்தில் ஒரு பாதியையேனும் அவன் எத்தகையவனாகப் போய்ச் சேர்வான் என்பதற்காகச் செய்திருக்கலாமே என்ற எண்ணம் எழாமல் இல்லை.

தொடக்கத்தில் சொன்ன சீட்டுக்கு வருவோம். கொட்டாஞ்சேனையில் ஒரு வயதான அம்மா, எந்தச் சீட்டில் சேர்ந்தாலும் தம் பெயரைக் குலுக்கலில் போட வேண்டாமென்று சொல்லிக் கடைசி மாதத்தையே கேட்டு வாங்கிக்கொள்வார். வீட்டிலே தைத்துக் கொடுத்துச் சீவிப்பவர். “அவசரக்காரர் முதலில் எடுக்கட்டும் தம்பி, எனக்கு என்ன அவசரம்?” என்பார். கடைசியில் எடுப்பவருக்குச் சீட்டினால் எந்த இலாபமும் இல்லை என்பதும், யாராவது முறித்தால் நட்டம் வருவதும் தமக்கே என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும். ஒருமுறை அப்படியே நடந்தது. இரண்டாம் மாதம் எடுத்த இளம்பெண் ஐந்தாம் மாதத்தோடு கட்டுவதை நிறுத்திவிட்டார். அவருடைய பங்கைத் தாச்சி தம் நகையை ஈடு வைத்துச் சில மாதங்கள் கட்டினார். பின்னர் அவராலும் முடியவில்லை. இருபதாம் மாதம் அந்த அம்மாவின் கைக்கு 190,000 ரூபாதான் வந்தது. எண்ணிப் பார்த்தார். சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். அடுத்த சீட்டு எப்போது தொடங்குகிறதென்று கேட்டார். தாச்சி கொப்பியைத் திறந்து பெயர் எழுதத் தொடங்கியபோது, கட்டாமல் விட்ட அந்தப் பெண்ணையும் சேர்த்துக்கொள்ளும்படி சொன்னார். இம்முறை கடைசி மாதம் அவளுக்கு, பத்தொன்பதாவது தமக்கு என்று.